சோறு குறைத்தேன், சப்பாத்திக்கு மாறினேன், சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

கேள்வி இது: "எனக்கு 46 வயது. உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. ஆறு மாதத்துக்கு முன்பு இரண்டாம் வகை நீரிழிவு என்று சொன்னார்கள். அப்போது எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, 8.4. மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும் போடுகிறேன். சீனியை அறவே விட்டுவிட்டேன். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் கொஞ்சமாகச் சோறு, சாயங்காலம் சீனி இல்லாத டீயும் சுகர் ஃப்ரீ பிஸ்கட்டும், இரவு மூன்று சப்பாத்தி. இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் போன வாரம் 7.9. வெறும் வயிற்றில் 146, மதியச் சாப்பாட்டுக்குப் பின் 231. இன்னும் எதைத்தான் விடுவது? ஞாயிற்றுக்கிழமை பிரியாணியையும் விட வேண்டுமா?"

நான் மதுரையில் 14 வருடமாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். ஊர், வயது மாறுமே தவிர, இதே கேள்வியோடு வாரத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "எல்லாத்தையும் மாத்திட்டேன் மேடம்." அதில்தான் சிக்கல். நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், குறைக்கவில்லை.

உங்கள் ஒரு நாளைக் கூட்டிப் பார்ப்போம். இரண்டு டம்ளர் கஞ்சிக்கு எப்படியும் 60 கிராம் கேழ்வரகு மாவு போயிருக்கும். அதில் 40 கிராம் மாவுச்சத்து. சுகர் ஃப்ரீ பிஸ்கட் நாலு என்றால் 20 கிராமுக்கு மேல், ஏனென்றால் அதில் சீனிதான் இல்லை, மைதா அப்படியே இருக்கிறது. மூன்று சப்பாத்திக்கு 100 கிராம் ஆட்டா, அதில் 64 கிராம். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குருமா என்றால் இன்னொரு 15. அப்புறம் அந்தக் "கொஞ்சமாகச் சோறு". இந்தச் சொல்லை நான் நம்புவதே இல்லை. வீட்டில் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் சோற்றைத் தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் 300, 350 கிராம் வருகிறது. 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து. ஆக, மதியம் மட்டும் ஏறத்தாழ 100 கிராம். பால், மோர், காய்கறியில் இருப்பதையும் சேர்த்தால் நாளுக்கு 260 கிராம் தாண்டும். சீனி ஒரு சிட்டிகைகூட இல்லாமல்!

மாவுச்சத்து என்பது குளுக்கோஸைக் கோத்த சங்கிலி. அரிசியிலிருந்து வந்தாலும் கோதுமையிலிருந்து வந்தாலும், குடலில் அறுபட்டு ரத்தத்துக்குள் போகும்போது அது வெறும் குளுக்கோஸ்தான். எந்த ஊர்த் தானியம் என்று உடம்பு கேட்பதில்லை.

தானியங்களுக்குள் வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது. நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையைப் பாருங்கள். சமைக்காத 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து 78 கிராம், புழுங்கல் அரிசியில் 77, கேழ்வரகில் 67, சாமையிலும் வரகிலும் 66 சுமார், கோதுமை மாவில் 64. பெரிய வித்தியாசம் நார்ச்சத்தில்தான். அரிசியில் 3 கிராம்கூட இல்லாத இடத்தில் கேழ்வரகிலும் முழுக் கோதுமையிலும் 11 கிராம். அதனால் ஒரே அளவு சாப்பிட்டால் சிறுதானியம் கொஞ்சம் மேல். ஆனால் "சிறுதானியம்தானே" என்று ஒன்றரை மடங்கு சாப்பிட்டால் அந்த லாபம் அப்போதே போச்சு. கடையில் வெள்ளை வெளேரென்று தீட்டி விற்கும் சாமை, வரகில் தவிட்டோடு நார்ச்சத்தில் பெரும்பகுதியும் போயிருக்கும். அதை வாங்குவதும் அரிசி வாங்குவதும் ஏறக்குறைய ஒன்று.

கேழ்வரகுக் கஞ்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் சர்க்கரைக்காரர்கள் மருந்து மாதிரி குடிக்கிற உணவு அது. கேழ்வரகு நல்ல தானியம்தான். 100 கிராமில் 350 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து வேறு எந்தத் தானியத்திலும் கிடைக்காது. ஆனால் அதை நைஸாக அரைத்து, தண்ணீரில் கொதிக்க வைத்து, கட்டியில்லாமல் கரைத்துக் குடிக்கும்போது, வயிறு செய்ய வேண்டிய வேலையில் பாதியை அடுப்பே முடித்துவிடுகிறது. மென்று தின்னும் உணவைவிடக் குடிக்கும் உணவு வேகமாக ரத்தத்தில் ஏறும். அதே மாவில் வெங்காயம், முருங்கைக்கீரை போட்டு ஒரு அடையாகத் தட்டி, கடலைச் சட்னியோடு மென்று சாப்பிட்டால் ஏற்றம் நிதானமாக இருக்கும். கஞ்சி குடித்தே பழகியவர் என்றால் ஒரு டம்ளரோடு நிறுத்தி, மோர் ஊற்றி, கூடவே இரண்டு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ வைத்துக்கொள்ளுங்கள். சத்துமாவுக் கஞ்சிக்கும் ஓட்ஸ் கஞ்சிக்கும் இதே கதைதான்.

சரி, எவ்வளவுதான் சாப்பிடுவது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய இண்டியாப் ஆய்வில் 18,090 பேரின் சாப்பாட்டுக் கணக்கை வைத்து 2022-இல் ஒரு கட்டுரை வந்தது. நம் ஆட்கள் சாப்பிடும் கலோரியில் 60 முதல் 75 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புதிதாக நீரிழிவு வந்தவர்கள் இதை 49–54 சதவீதத்துக்கு இறக்கி, புரதத்தை 20 சதவீதத்தை ஒட்டி ஏற்றினால் நோய் தணிய வாய்ப்பு உண்டு என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இந்தக் கட்டுரையில் பிடித்தது, நடக்கிற காரியமாகச் சொன்னதுதான். சோறே கூடாது, தானியமே கூடாது என்கிற உணவுமுறையை நம் வீட்டில் மூன்று மாதம் தாண்டிக் கடைப்பிடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தட்டில் பாதிக்குமேல் அடைத்துக்கொண்டிருப்பதைப் பாதியாக்குவது முடியும்.

உங்கள் எடை கொஞ்சம் குறைய வேண்டும் என்பதால் நாளுக்கு 1500 கலோரி என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி என்றால் மாவுச்சத்து 185 கிராம் சுமார். வேளைக்கு 50, மாலைக்கு 20, மீதி பாலிலும் காயிலும் தானாக வந்துவிடும். 50 கிராம் என்றால் 175 கிராம் சோறு, அதாவது ஒரு டீ கப்பைவிடச் சற்றுக் கூடுதல். அல்லது நடுத்தர அளவு இட்லி மூன்று, நாலாவது வேண்டாம். அல்லது வீட்டுத் தோசை இரண்டு. சப்பாத்தி என்றாலும் இரண்டுதான். ஒரு வாரத்துக்கு மட்டும் சமையலறைத் தராசு வைத்து அளந்து பாருங்கள். அதற்குப் பிறகு கண்ணே அளந்துவிடும்.

சோற்றைப் பாதியாக்கிவிட்டுத் தட்டை அப்படியே விட்டால் நாலு மணிக்குப் பசிக்கும், பிஸ்கட் டப்பாவைத் திறப்பீர்கள். காலியான இடத்தை எதையாவது வைத்து நிரப்பியாக வேண்டும். இங்கேதான் நம் சமையல் காலை வாருகிறது. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே, புரதம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். நாலு பேர் வீட்டில் ஒரு நேரச் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போடுவார்கள், அதுவே தாராளம். அதில் புரதம் 22 கிராம். ஆளுக்கு ஐந்தரை கிராம். ஒரு முட்டையில் இருப்பதைவிடக் குறைவு. சைவக்காரர்கள் பெரும்பாலும் நாள் முழுக்கச் சேர்த்தாலும் தேவையைத் தொடுவதில்லை. அசைவக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தொடுகிறார்கள்.

அதனால் ஒவ்வொரு வேளையும் தட்டில் புரதம் என்று ஒன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். முட்டை, மீன், கோழி. இல்லையென்றால் கெட்டியான பருப்புக் கூட்டு, பனீர், மீல் மேக்கர், முளைகட்டிய பாசிப்பயறு, கெட்டித் தயிர். மீன் விலை அதிகமென்று நினைக்க வேண்டாம், மத்தியும் அயிலையும் வஞ்சிரத்துக்கு எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. காலை டிபனில்தான் இது கஷ்டம். அடை, பாசிப்பயறு தோசை இரண்டும் நமக்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கின்றன. வாரத்தில் மூன்று நாள் அதற்கு மாறுங்கள். தோசை மாவில் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பதை இரண்டுக்கு ஒன்று ஆக்கிப் பார்க்கலாம். இட்லி அதில் சரியாக வராது, தோசை வரும். பொங்கல், ரவை உப்புமா, இடியாப்பம், புட்டு எல்லாம் முழு மாவுச்சத்து. நாளை விசேஷம் என்றால் சாப்பிடுங்கள், செவ்வாய்க்கிழமை என்பதற்காகச் சாப்பிடாதீர்கள்.

சிறுநீரகத்தில் ஏற்கெனவே கோளாறு இருப்பவர்களுக்கு இந்தப் புரத ஆலோசனை பொருந்தாது. சீரம் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்து வருடமாகிவிட்டது என்றால் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

காய் விஷயத்தில் எனக்கு ஒரு சண்டை உண்டு. பெரும்பாலான வீடுகளில் பொரியல் என்பது ஊறுகாய் அளவுக்குத் தட்டின் ஓரத்தில் இருக்கிறது. அது ஒரு கிண்ணம் நிறைய வேண்டும்; சோறு எவ்வளவோ அதற்குக் குறையாமல். அவரை, பீன்ஸ், கோஸ், சுரை, புடலை, பீர்க்கை, வெண்டை, கத்தரி, எந்தக் கீரையும். உருளை, சேப்பங்கிழங்கு, மரவள்ளியைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், சோற்றுக் கணக்கில் சேருங்கள். இந்தப் பொரியலையும் புரதத்தையும் முதலில் பாதிக்குமேல் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் சோற்றில் கை வையுங்கள். நியூயார்க்கில் 2015-இல் 11 நோயாளிகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வு ஒன்றில், அதே சாப்பாட்டை வரிசை மாற்றிச் சாப்பிட்டதிலேயே ஒரு மணி நேரச் சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. 11 பேர் என்பது பெரிய கணக்கில்லைதான், ஆனால் செலவில்லாத காரியம், என்னிடம் வருபவர்கள் சர்க்கரை எண்ணை எழுதிவரும் நோட்டிலும் இது நன்றாகவே தெரிகிறது. கூடவே, சாப்பிட்டு முடித்ததும் 10, 15 நிமிடம் நடை. காலையில் ஒரு மணி நேரம் நடப்பவர்கள்கூட மதியம் சாப்பிட்டதும் சாய்ந்துவிடுகிறார்கள். சர்க்கரை ஏறுகிற நேரத்தில் தசைக்கு வேலை கொடுத்தால் அது குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். மாடிப்படி, தெருமுனைக் கடை, எதுவானாலும் சரி.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், வெல்லம் பற்றி ஒரு வரி போதும்: ரத்தத்துக்கு நாலும் சீனிதான். பழத்தைச் சாறாக்காமல் கடித்துச் சாப்பிடுங்கள், நாளுக்கு ஒன்று, கொய்யா என்றால் ரொம்ப நல்லது. வெந்தயத்தில் உள்ள பிசின் மாதிரியான நார்ச்சத்து சர்க்கரை ஏறுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். ஊறவைத்து ஒரு ஸ்பூன் சாப்பிடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

இப்போது முக்கியமான வேலை. நான் சொன்னதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு குளுக்கோமீட்டர் வாங்குங்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் குத்திப் பார்த்துவிட்டுக் கவலைப்படுவதால் சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஜோடியாகப் பாருங்கள்: சாப்பிடுவதற்குச் சற்று முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. நடுவில் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள். இன்றைக்குக் காலை டிபன், நாளைக்கு மதியம், அடுத்த நாள் இரவு என்று மாற்றி மாற்றி. பத்துப் பன்னிரண்டு நாளில் உங்கள் உடம்புக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று நோட்டே சொல்லும். பொதுவாக இரண்டு மணி நேரத்தில் 180-க்குக் கீழே, சாப்பிடும் முன் 80 முதல் 130 வரை என்பது இலக்கு. வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர் தளர்த்திச் சொல்வார்.

என்னிடம் வந்த ஒரு அம்மா, சோறு தொடுவதே இல்லை என்று சத்தியம் செய்தார். நோட்டில் பார்த்தால் இரவு ஆறு இட்லி. "இட்லி ஆவியில வேகுறதுதானே, எண்ணெயே இல்லையே" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை, எண்ணெய் இல்லைதான். ஆறு இட்லிக்கு முன் 138, பின் 262. மூன்று இட்லி, ஒரு ஆம்லெட், நிறையக் காய் போட்ட சாம்பார் என்று மாற்றிய அன்று 171. நான் 20 நிமிடம் பேசியதில் நம்பாதவர், அந்த எண்ணை நம்பினார்.

உங்கள் 231-க்குக் காரணம் மதியத் தட்டு, அது இந்த வழியில் இறங்கிவிடும். வெறும் வயிற்றின் 146 வேறு கதை. ராத்திரி நீங்கள் தூங்கும்போது கல்லீரல் தன் இருப்பிலிருந்து குளுக்கோஸை விட்டுக்கொண்டே இருக்கும்; இன்சுலின் சரியாக வேலை செய்தால் அதை அடக்கி வைக்கும். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு அந்த அடக்குமுறை எடுபடுவதில்லை. அதனால்தான் இரவு பட்டினி கிடந்தாலும் காலையில் எண் இறங்காமல் நிற்கிறது. இதற்கு வழி இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடிப்பதும், முக்கியமாக எடையைக் குறைப்பதும். மருந்தின் அளவும் ஒரு காரணமாக இருக்கலாம், உங்கள் அளவு அப்படி ஒன்றும் அதிகமில்லை. அடுத்த தடவை நோட்டைக் காட்டி மருத்துவரிடம் கேளுங்கள், எல்லாப் பழியையும் சாப்பாட்டின் மேல் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எடை என்றதும் "நான் அப்படி ஒன்றும் குண்டில்லையே" என்பீர்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பிஎம்ஐ உங்களுக்கு 27.6. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23 தாண்டினாலே அதிக எடைக் கணக்கு. ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் உள்ளே கொழுப்பு சேர்கிறது என்று அர்த்தம். பிரிட்டனில் நியூகாசில், கிளாஸ்கோ பல்கலைக்கழகங்கள் நடத்திய டைரக்ட் ஆய்வு 2017-இல் வெளியானது. நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களை மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 850 கலோரியை ஒட்டிய பானத்தில் வைத்து எடை குறைத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே இருந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம்! அதை நீங்கள் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது, அது மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. நான் சொல்ல வருவது, நோய் வந்து ஆறு மாதமே ஆன உங்களுக்கு நேரம் இன்னும் சாதகமாக இருக்கிறது. மாதத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோ வீதம் ஏழெட்டுக் கிலோ இறங்கினாலே காலை எண் பேசுவது மாறும்.

நீங்கள் மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பதால் தயங்காமல் மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்கிறேன். அது தனியாக இருக்கும்போது தாழ்சர்க்கரை வருவது அரிது. இதைப் படிக்கும் மற்றவர்கள் கவனியுங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருந்தைச் சரிசெய்யாமல் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால் 70-க்குக் கீழே போய் வியர்த்து, கை நடுங்கி, மயக்கம்கூட வரலாம். அப்படி வந்தால் மூன்று ஸ்பூன் சீனியோ குளுக்கோஸோ உடனே, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்த்து எடுப்பவர்களுக்குச் சீனி வேகமாகச் செரிக்காது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். பையில் ஒரு பாக்கெட் இருக்கட்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவதோ நீண்ட விரதம் இருப்பதோ கூடாது. சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து அதில் இருக்கிறது.

கடைசியாக பிரியாணி. விட வேண்டாம். முதலில் ஒரு கிண்ணம் வெங்காயத் தயிர்ப்பச்சடி, ஒரு முட்டை, கறித்துண்டு பாதி. அதன் பிறகு ஒரு டீ கப் அளவுக்கு பிரியாணிச் சோறு, இரண்டாவது தடவை கரண்டி வந்தால் துண்டு மட்டும். கத்தரிக்காய்த் தொக்கு தாராளமாக. பாட்டில் குளிர்பானமும் பிரெட் அல்வாவும் அன்றைக்கு வேண்டாம், ராத்திரிச் சாப்பாடு சூப்போடு முடியட்டும். சாப்பிட்டதும் கட்டிலுக்குப் போகாமல் கால் மணி நேரம் நடங்கள். ஒன்று மட்டும்: எண்ணெயும் நெய்யும் உள்ள சாப்பாட்டில் சர்க்கரை தாமதமாக ஏறும். இரண்டு மணி நேரத்தில் 160 என்று பார்த்துவிட்டு "பிரியாணி எனக்கு ஒத்துக்கொள்கிறது" என்று முடிவுகட்ட வேண்டாம், நாலாவது மணி நேரத்தில் இன்னொரு ஸ்ட்ரிப் போட்டுப் பாருங்கள்.